அலமாரியில் ஓர் அமெரிக்கச் செங்கல்

செங்கல்லைக் காசு கொடுத்து வாங்கி, மெல்லிய துணியால் துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழ்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பீர்கள். ஆனால், இருக்கிறார்கள். அவர்கள் வாங்குகிற செங்கல் சூளையில் வெந்ததன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரில் 1939 முதல் 1966 வரை தயாரிக்கப்பட்ட ஆர்கஸ் சி-3 என்னும் காமிரா அது. வளைவு நெளிவு ஏதுமின்றிக் கறுப்புப் பெட்டியாகக் காட்சி தரும் அதற்கு அந்நாட்டு மக்களே அன்போடு இட்ட பட்டப் பெயர்தான் ‘செங்கல்’. எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. கையில் எடுத்துப் பார்த்தவர் எவரும் பெயர்ப் பொருத்தத்தை மறுக்கமாட்டார்.

பழைய காமிராக்களைச் சேகரிப்பது என்றதும் லைகா, ரோலிஃபிளெக்ஸ் போன்ற ஜெர்மானியக் கருவிகளே பலருக்கும் நினைவுக்கு வரும். அவை பெரிய இடத்துப் பிள்ளைகள். அவற்றை வீட்டுக்கு அழைத்துவரப் பணம் வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தயாரான காமிராக்களின் கதை வேறு. அவை எளிய குடும்பங்களுக்காக இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. எனவே இன்றும் பெரும்பாலானவை மலிவாகவே கிடைக்கின்றன. அவற்றைச் சேகரிக்கப் பணத்தை விடப் பொறுமையே மிகுதியாக வேண்டும். கூடவே, ஓர் எண்ணைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவும் வேண்டும். அந்த எண் எது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வானொலிக் கூட்டிலிருந்து வந்த குஞ்சு

1930களின் தொடக்கத்தில் ஆன் ஆர்பரில் இன்டர்நேஷனல் ரேடியோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் சிறிய வானொலிப் பெட்டிகளைத் தயாரித்து வந்தது. வானொலி குளிர்காலத்துச் சரக்கு. வெளியே பனி கொட்டும்போதுதான் குடும்பங்கள் வீட்டுக்குள் அமர்ந்து வானொலி கேட்கும். கோடை வந்துவிட்டால் விற்பனை படுத்துவிடும். தொழிற்சாலையில் வேலை இராது. அந்தக் கோடைக் காலத்தை நிரப்புவதற்காக நிறுவனத் தலைவர் சார்லஸ் வெர்ஷூர் தேர்ந்தெடுத்த பொருள்தான் காமிரா. வானொலியின் வெளிக்கூட்டை வார்க்கப் பயன்பட்ட பேகலைட் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கிலேயே காமிராவின் உடலையும் வார்த்தார்கள்.

1936இல் ஆர்கஸ் ஏ வெளிவந்தது. விலை 12 டாலர் 50 சென்ட். 35 மில்லிமீட்டர் பிலிமில் படமெடுக்கும் லைகாவை வாங்க அதைப்போல் பன்மடங்கு பணம் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. சாதாரணச் சம்பளக்காரரின் வீட்டுக்குள் 35 மில்லிமீட்டர் புகைப்படக் கலை இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. அடுத்து 1938இல் ‘சி’ வகையும், மறு ஆண்டில் சி-3உம் வந்தன. போர்க்கால இடைவெளி நீங்கலாக, சிறு சிறு மாற்றங்களோடு ஏறத்தாழ 27 ஆண்டுகள் விற்பனையில் நின்ற சி-3, இருபது இலட்சத்திற்கும் மேல் விற்றது. போட்டிக்காகக் கோடக் நிறுவனம் தன்னுடைய ‘கோடக் 35’ காமிராவுக்குத் தூரமானி ஒன்றை ஒட்டி 1940இல் விற்கத் தொடங்கியது. அழகில் செங்கல்லையும் தோற்கடிக்கும் காமிரா ஒன்றைச் செய்ய முடியும் என்பதை உலகம் அன்றுதான் கண்டது!

செங்கல்லைப் பயன்படுத்துவது ஒரு தனிக் கலை. பிலிமை நகர்த்த வேண்டுமானால், எண் காட்டும் சக்கரத்தின் அருகிலுள்ள சிறு பிடியை விடுவித்து, குமிழைத் திருக வேண்டும். பிறகு முன்புறத்திலுள்ள நெம்புகோலைக் கீழே அழுத்தி ஷட்டரைத் தயார் செய்ய வேண்டும். அடுத்து, தூரமானிச் சாளரத்தின் வழியே பார்த்தால் எதிரே இருப்பவரின் உருவம் இரண்டாகத் தெரியும். முன்பக்கத்துப் பற்சக்கரத்தைச் சுழற்றி அவ்விரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அதற்குப் பின்னரே பொத்தானை அழுத்தலாம். அழுத்தும்போது வலக்கை விரல் அந்த நெம்புகோலின் மேல் பட்டுவிட்டால், அது தடங்கி ஷட்டரின் வேகம் கெட்டுப் படமும் கெடும். பிலிமை நகர்த்த மறந்தால் ஒரே சட்டத்தில் இரண்டு படங்கள் விழும். தடுக்க எந்த ஏற்பாடும் கிடையாது. இத்தனையையும் மீறி, அதன் 50 மில்லிமீட்டர் ‘சின்டார்’ லென்ஸ் தரும் படம் நம்மை வியக்க வைக்கும். மூன்றே கண்ணாடித் துண்டுகளால் ஆன எளிய லென்ஸ்தான். ஆனால் நல்ல வெளிச்சத்தில் குறை சொல்ல இடம் தராது.

இந்தக் காமிராவின் உண்மையான மதிப்பை அறிய விரும்புவோர் டோனி வக்காரோவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1922இல் பென்சில்வேனியாவில் பிறந்து, இத்தாலியில் வளர்ந்து, பின்னர் அமெரிக்கா திரும்பியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் 83ஆம் காலாட்படைப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்க்கப்பட்டார். இராணுவத்தின் புகைப்படப் பிரிவில் சேர அவர் விரும்பினார், இடம் கிடைக்கவில்லை. ஆதலால் தோளில் துப்பாக்கியையும் கழுத்தில் தன் சொந்த ஆர்கஸ் சி-3ஐயும் சுமந்துகொண்டு நார்மண்டியிலிருந்து ஜெர்மனி வரை சென்றார். இடிந்து கிடந்த புகைப்படக் கடைகளில் இரசாயனங்களைத் தேடி எடுப்பார். இரவு கவிந்ததும், தோழர்களின் இரும்புத் தலைக்கவசங்களை வரிசையாக வைத்து, அவற்றில் மருந்து ஊற்றிப் பிலிமைக் கழுவுவார். கழுவிய சுருள்கள் மரக்கிளைகளில் தொங்கி உலரும். இவ்விதமாக ஆயிரக்கணக்கான படங்களை அவர் எடுத்தார். போரைக் காண வந்த நிருபரின் பார்வையன்று அவருடையது; போரிட்டுக்கொண்டிருந்தவனின் பார்வை. நூறு வயது நிறைந்து, 2022 டிசம்பரில் அவர் மறைந்தார். படைத்துறை தராத காமிராவின் வேலையை, கடையில் எவரும் வாங்கக்கூடிய ஒரு வீட்டுக் காமிரா செய்து முடித்தது.

விளக்கை மலிவாகக் கொடுத்து, எண்ணெயை விற்றவர்கள்

இனிக் கோடக். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் நிறுவிய இந்தக் கம்பெனியின் வணிக இரகசியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். விளக்கை மலிவாகக் கொடுத்துவிட வேண்டும். பிறகு காலமெல்லாம் எண்ணெயை விற்றுக்கொண்டிருக்கலாம். இங்கே விளக்கு என்பது காமிரா; எண்ணெய் என்பது பிலிம். 1900ஆம் ஆண்டில் பிரவுனி என்ற அட்டைப் பெட்டிக் காமிராவை ஒரே ஒரு டாலருக்கு அவர்கள் விற்றார்கள். பிலிம் சுருளின் விலை 15 சென்ட். சிறுவர் சிறுமியரும் வாங்கினர். வண்ணப் பிலிம் வந்த பின்னர், கழுவித் தரும் கட்டணத்தையும் பிலிமின் விலையிலேயே சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் விளைவாக 1954இல்தான் அவ்வழக்கம் அங்கே கைவிடப்பட்டது.

நாம் பேசும் காலத்தின் பிரவுனிகளில் மிகவும் பரவியது ‘பிரவுனி ஹாக்ஐ’. ஆர்தர் கிராப்சி என்பவர் வடிவமைத்தது. 1949 முதல் 1961 வரை விற்பனையில் இருந்தது. தொடக்க விலை 5 டாலர் 50 சென்ட். பேகலைட்டால் ஆன கறுப்புக் கட்டி, மேலே ஒரு கைப்பிடி. இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும். தூரம் அளக்கவோ வெளிச்சம் கணிக்கவோ எதுவும் இல்லை. பொத்தானை அழுத்த வேண்டும், குமிழைத் திருக வேண்டும், அவ்வளவே. பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தில் அடுத்த எண் வந்ததும் திருகுவதை நிறுத்திவிட வேண்டும். சதுரமான 12 படங்கள். அமெரிக்கக் குடும்பங்களின் 1950களில் பெரும்பகுதி இத்தகைய பெட்டிகளின் ஒற்றைக் கண் வழியேதான் பதிவாகியிருக்கிறது. பிறந்தநாள், புதிய கார், முற்றத்தில் நிற்கும் பாட்டி என்று எல்லாமே!

இவற்றை விளையாட்டுச் சாமான் என்று தள்ளுபவர்களுக்கு விர்ஜினியா ஷா என்ற இல்லத்தரசியின் பெயரை நினைவூட்டலாம். 1953 மே மாதம் அவர் தம் கணவரோடு கலிபோர்னியாவில் மீன் பிடிக்கச் சென்றுகொண்டிருந்தார். ரெட்டிங் நகரின் அருகே பிட் நதிப் பாலத்தில் ஒரு பெரிய லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு, அதன் முன்பகுதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருவர். கணவரும் பிறரும் கயிறு இறக்கி அவர்களைக் காப்பாற்ற முனைந்தபோது, அம்மையார் தம்மிடமிருந்த கோடக் பிரவுனியை எடுத்துக்கொண்டு எதிரேயிருந்த மேட்டுக்கு ஓடினார். சுருளில் எஞ்சியிருந்தவை இரண்டே படங்கள். பிலிமோ காலாவதியாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவர் எடுத்த படம் 1954ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றது. புகைப்படத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஏறத்தாழ அனைவரும் ஸ்பீட் கிராஃபிக் என்னும் கனத்த காமிராவைச் சுமந்து திரிந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த எண்

சேகரிக்கத் தொடங்குபவர் காமிராவின் பெயரைப் பார்க்கிறார், பளபளப்பைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார். முதலில் பார்க்க வேண்டியது அதனுள் ஓடும் பிலிமின் எண்ணை. விளக்கையும் எண்ணெயையும் பற்றிச் சொன்னேன் அல்லவா? எண்ணெய் நின்றுபோனால் விளக்கு வெறும் பாத்திரம்தான். அமெரிக்கக் கம்பெனிகள் தத்தம் பிலிமை விற்பதற்காகப் புதிது புதிதாக அளவுகளைப் படைத்தன. விற்பனை குறைந்ததும் அவற்றைக் கைவிட்டன. 116, 616 ஆகிய எண்களைக் கோடக் 1984இல் நிறுத்தியது. 828 மறு ஆண்டில் நின்றது. 127உம் 620உம் 1995இல் நின்றன. ஒவ்வோர் எண் நின்றபோதும் அதை நம்பியிருந்த இலட்சக்கணக்கான வீட்டுக் காமிராக்கள் ஒரே நாளில் ஊமையாயின. அவற்றில் பழுது ஒன்றும் இல்லை. ஊட்ட உணவில்லை, அவ்வளவுதான்.

இவற்றுள் 620இன் கதை சுவையானது. 1901இல் வந்து இன்றுவரை விற்பனையாகும் 120 எண் பிலிமும் இதுவும் அகலத்தில் ஒன்றே. சுருளைத் தாங்கும் ஸ்பூல் மட்டும் சற்று மெலிந்தது. அந்தச் சிறு வேறுபாட்டால் 120 சுருள் 620 காமிராவுக்குள் நுழையாது. வணிக நுட்பம் என்பது இதுதான் போலும்! ஆனால், கோடக் போட்ட பூட்டுக்குச் சேகரிப்பாளர்கள் சாவி கண்டுபிடித்துவிட்டார்கள். முழு இருட்டில் 120 பிலிமை அதன் ஸ்பூலிலிருந்து பிரித்து, பழைய 620 ஸ்பூலில் மீண்டும் சுற்றிவிடுகிறார்கள். நடுவில் பிலிம் காகிதத்தோடு ஒட்டப்பட்ட இடத்தில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; வேறு வித்தை எதுவுமில்லை. ஹாக்ஐயில் அதுவும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. புதிய சுருள் இருக்கும் பக்கத்தில் 120 ஸ்பூலே நுழைந்துவிடும். சுற்றிக்கொள்ளும் பக்கத்தில் மட்டும் 620 ஸ்பூல் இருந்தால் போதும். எனவே 620 காமிரா வாங்குகிறவர், உள்ளே காலி ஸ்பூல் இருக்கிறதா என்பதைத் தவறாமல் பார்க்க வேண்டும். சில வேளைகளில் காமிராவைவிட அந்த ஸ்பூலே அரிய பொருள்.

தன் பிலிமாலேயே அழிந்த நிறுவனத்துக்கு யுனிவர்சல் சான்று. நியூயார்க்கைச் சேர்ந்த இக்கம்பெனி 1933இல் யுனிவெக்ஸ் என்ற காமிராவை 39 சென்டுக்கு விற்றது. பிலிம் 10 சென்ட். ஆனால் அந்தப் பிலிம் அவர்களுடைய தனி ஸ்பூலில் மட்டுமே வரும்; தயாரித்துக் கொடுத்ததோ பெல்ஜியத்தின் கேவர்ட் கம்பெனி. போர் மூண்டு பெல்ஜியத்தின் கதவு அடைபட்டதும் பிலிம் வரத்து நின்றது. பின்னர் 1945இல் அவர்கள் கொணர்ந்த மெர்க்குரி 2 சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமை ஏற்றுக்கொண்டது. தலைமேல் அரைவட்டத் திமில் கொண்ட விந்தையான காமிரா அது. உள்ளே சுழலும் வட்டத் தகடுதான் ஷட்டர். அதற்கு இடம் விடவே அந்தத் திமில். சட்டத்தைப் பாதியாக்கிப் படமெடுப்பதால் ஒரு சுருளில் 65 படங்கள் வரை கிடைக்கும். ஆயினும் கம்பெனி பிழைக்கவில்லை, 1952இல் திவாலாயிற்று. காமிரா மட்டும் இன்றும் பிலிம் போட்டால் படமெடுக்கிறது.

இதற்கு நேர் எதிர் போலராய்டின் முதல் காமிராவான மாடல் 95. எட்வின் லேண்ட் என்ற அறிஞர் தம் சிறு மகளைப் படமெடுத்தபோது, “படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது?” என்று அவள் கேட்டாளாம். 1943இல் கேட்ட கேள்விக்கு 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் அறிஞர்கள் முன்னிலையில் அவர் விடை காட்டினார். 1948 நவம்பர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரின் ஜார்டன் மார்ஷ் கடையில் காமிரா விற்பனைக்கு வந்தது. விலை 89 டாலர் 75 சென்ட். கையிருப்பு அன்றே தீர்ந்தது. ஒரு நிமிடத்தில் பழுப்பு வண்ணப் படம் கையில்! இத்தனை புகழ் பெற்ற இக்காமிராவுக்குரிய சுருள் 1992இல் நின்றுபோனது. வெள்ளீய நிறத்தில் பளபளக்கும் அழகிய பெட்டி, இன்று பெரும்பாலும் அலமாரிக்கு மட்டுமே உரியது. 120 சுருளை ஓட்டக்கூடியவாறு சிலர் அதைத் திருத்துகிறார்கள். ஆனால் ஒரு நிமிடத்தில் படம் வராத போலராய்டைப் போலராய்டு என்று எப்படி அழைப்பது?

விலை உயர்ந்தவை

இவ்வுலகிலும் செல்வச் சீமான்கள் உண்டு. 1938இல் கோடக் வெளியிட்ட சூப்பர் சிக்ஸ்-20, வெளிச்சத்தைத் தானே அளந்து துவாரத்தைத் தானே சரிசெய்துகொண்ட உலகின் முதல் காமிரா. விலை 225 டாலர். தயாரானவை எழுநூற்றுச் சொச்சம் மட்டுமே. 1941இல் வந்த எக்ட்ரா, லைகாவை வெல்ல எடுத்த முயற்சி. படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கப் பெட்டியைக் கழற்றி வேறு பிலிமை மாட்டலாம் என்ற அதன் வசதி அக்காலத்தில் வியப்புக்குரியது. சில ஆயிரங்களே தயாராயின, 1948இல் நிறுத்தப்பட்டது. வால்டர் டார்வின் டீக் வடிவமைத்த பேண்டம் ஸ்பெஷல், கறுப்பு எனாமலும் வெள்ளிக் கோடுகளுமாக ஒரு நகைப்பெட்டி போலிருக்கும். மூன்றையும் பெரும் பொருள் கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் சூப்பர் சிக்ஸ்-20, எக்ட்ரா இரண்டின் ஷட்டர்களும் அடிக்கடி பழுதாகும் பெயர் பெற்றவை. பேண்டம் ஸ்பெஷலோ நின்றுபோன 828 பிலிமை நம்பியது. இவற்றை வாங்குபவர் பொருளை வாங்குகிறார். காமிராவை வாங்குவதில்லை என்பது என் கருத்து. அதே கோடக்கின் மெடலிஸ்ட் அப்படியன்று. அமெரிக்கக் கடற்படை போரில் பயன்படுத்திய அந்த முரட்டுக் கருவி 620 சுருளில் எட்டே படங்கள் தரும். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும்.

ஸ்பீட் கிராஃபிக்கை முன்னரே குறிப்பிட்டேன். 1912 முதல் 1973 வரை உற்பத்தியான இது, துருத்தி போன்ற மடிப்புகளும் நீண்ட பிளாஷ் கைப்பிடியும் கொண்டது. பழைய ஆங்கிலத் திரைப்படங்களில் தொப்பியணிந்த நிருபர்கள் ஏந்தி வருவது இதையே. இவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று கொடி நாட்டப்படும் காட்சியை ஜோ ரோசன்தால் எடுத்ததும் இதில்தான். 4 அங்குலம் அகலமும் 5 அங்குலம் நீளமும் கொண்ட இதன் தாள் பிலிம் இன்றும் தயாராவதால் இது உயிரோடிருக்கிறது. ஆனால், சந்தையில் பல ஸ்பீட் கிராஃபிக்குகள் பிளாஷ் கைப்பிடி இல்லாமலே வருகின்றன. காரணம் வேடிக்கையானது. 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் திரைப்படத்துக்காக, லண்டன் புகைப்படக் கடையொன்றில் கிடைத்த கிராஃப்ளெக்ஸ் பிளாஷ் கைப்பிடிகளைக் கொண்டே கதாநாயகனின் ஒளிவாளைச் செய்தார்கள். அன்று முதல் அப்பட இரசிகர்கள் கைப்பிடிகளைத் தேடி வாங்கத் தொடங்கினர். காமிராவைவிடக் கைப்பிடியின் விலை ஏறியது. வாலுக்காக யானையைப் பிரித்த கதைதான்.

மில்வாக்கி நகரில் 1947 முதல் 1971 வரை தயாரான ஸ்டீரியோ ரியலிஸ்ட் இரட்டைக் கண் காமிரா. இரு படங்களையும் அதற்குரிய கண்ணாடியில் பார்த்தால் காட்சி ஆழத்தோடு எழுந்து நிற்கும். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரும் இதன் இரசிகர். சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமே இதற்கும் போதும்.

வாங்குமுன்

இக்காமிராக்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்கலம் வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. மின்கலம் இருந்த இடம் பிளாஷ் கைப்பிடி. அங்கே பச்சை பூத்திருந்தால் உள்ளே கசிந்திருக்கிறது என்று பொருள். ஷட்டர் நகராமல் நின்றால் உடைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல ஆண்டு எண்ணெய் பிசினாகியிருக்கும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஓடும். துருத்தி உள்ளவற்றை இருட்டறைக்குக் கொண்டுபோய், உள்ளே சிறு விளக்கை வைத்துப் பார்த்தால் ஊசித் துவாரங்கள் நட்சத்திரம் போல் தெரியும். லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போன்ற கோடுகள் இருந்தால் அது பூசணம். காமிராவோடு வரும் தோலுறை அழகாக இருக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பூசணத்தை வளர்ப்பது அதுவே. உறையைத் தனியாகவும் காமிராவைக் காற்றோட்டமாகவும் வைப்பதே நல்லது. கடலோர ஊரில் வாழ்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கோடக்கின் உயர்தர எக்டார் லென்ஸ்களின் வயதை அறிய ஒரு இரகசியச் சொல் உண்டு: ‘கேமரோசிட்டி’. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பத்து எழுத்துகளும் முறையே 1 முதல் 9 வரையும், இறுதியில் 0 என்பதையும் குறிக்கும். லென்ஸின் வரிசை எண்ணுக்கு முன்னே ஈ, ஓ என்னும் இரு எழுத்துகள் இருந்தால், ஈ நான்காம் எழுத்து, ஓ ஆறாம் எழுத்து. எனவே 1946இல் செய்தது. இதை அறிந்த பிறகு பழைய லென்ஸைக் காணும்போதெல்லாம் விரல்விட்டு எண்ணத் தோன்றும்.

உள்ளே இருப்பது யார்?

அமெரிக்காவில் வயோதிகர் ஒருவர் மறைந்தாலோ முதியோர் இல்லம் சென்றாலோ, வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் அந்த வீட்டிலேயே பரப்பி வைத்து விற்றுவிடும் வழக்கம் உண்டு. நாற்காலி, சமையல் பாத்திரம், போர்வை இவற்றோடு ஒரு மூலையில் காமிராவும் இருக்கும். சேகரிப்பாளர்களின் கைக்கு வருபவற்றுள் பல இவ்வாறு வருபவையே. பிள்ளைகளுக்கு அது பழைய சாமான். விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிடுகிறார்கள். அதனுள் பாதி ஓடிய பிலிம் இருப்பது எவருக்கும் தெரிவதில்லை.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்து, கழுவப்படாமலே கிடந்த கறுப்பு வெள்ளைச் சுருள்களில் உருவம் பல வேளைகளில் இன்னும் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மங்கலாக, புள்ளிகளோடு, ஆனால் அடையாளம் தெரியும்படி. இத்தகைய பழஞ்சுருள்களைக் கழுவித் தருவதற்கென்றே வட அமெரிக்காவில் நிலையங்கள் இயங்குகின்றன. புகழ் பெற்ற கோடக்குரோம் வண்ணப் பிலிமின் நிலை வேறு. அதைக் கழுவும் முறை மிகவும் சிக்கலானது. கோடக் 2009இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. அதைக் கழுவிய உலகின் கடைசி நிலையம் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30உடன் சுருள்களைப் பெறுவதை அதுவும் நிறுத்திக்கொண்டது. இன்று ஒரு பழைய காமிராவுக்குள் கோடக்குரோம் கிடைத்தால், அதைக் கறுப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். அந்தத் தாயின் சேலையையொத்த நீண்ட ஆடை என்ன நிறம் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

கழுவிப் பார்த்த படத்தில் இருப்பவர்கள் யார் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. காசு கொடுத்துக் காமிராவை வாங்கினோம். அதனுள் இருந்த குடும்பத்தையும் சேர்த்தா வாங்கினோம்? சேகரிப்பாளர்கள் சிலர், காமிராவை விற்ற வீட்டாரைத் தேடிப் பிடித்துப் படங்களை ஒப்படைக்கிறார்கள். வேறு சிலர் எவரேனும் அடையாளம் காணட்டும் என்று வெளியிடுகிறார்கள். மற்றவர்கள் ஒரு விலாசமும் இல்லாத நெகட்டிவை உறையிலிட்டு, அது வந்த காமிராவின் அருகிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே பழைய காமிரா ஒன்று கைக்கு வந்தால், ஆவலோடு பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள். சுருள் காமிராவாயின் சிவப்புச் சாளரத்தில் எண் தெரிகிறதா என்று பாருங்கள். 35 மில்லிமீட்டர் காமிராவாயின், பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை மெல்லத் திருகுங்கள். விரலுக்கு இறுக்கம் தட்டுப்பட்டால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். காமிராவை அப்படியே ஒரு கறுப்புத் துணியில் சுற்றிவிட்டு, இருட்டறை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் புறப்படுங்கள்.